வௌவால் பெட்டி: செய்வதும், மாட்டுவதும், காத்திருப்பதும்

வௌவாலுக்குப் பெட்டி செய்ய நினைப்பவர்கள் பலகை, பெயிண்ட் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். வௌவால் கவனிப்பதோ வேறு மூன்று விஷயங்களை: உள்ளே எவ்வளவு சூடு, இடுக்கு எவ்வளவு அகலம், வாசலுக்கு முன்னால் தடையில்லாத வெளி இருக்கிறதா. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் கோணல்மாணலான பெட்டியில்கூட அது குடியேறும். ஒன்று தவறினாலும் அழகான பெட்டி ஆண்டுக்கணக்கில் காலியாகவே தொங்கும்.

எந்த வௌவால் வரும்

உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி மட்டுமே பெட்டிக்கு வரும். மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களுக்கு அடைசலான இடம் ஒத்துவராது. குகை விதானத்தில் தனித்தனியாகத் தொங்கும் இனங்களும் குறுகிய இடுக்குக்குள் நுழைவதில்லை. வரக்கூடியவை பட்ட மரத்தின் விலகிய பட்டைக்கு அடியிலும், பாறை வெடிப்பிலும், கூரை ஓட்டுச் சந்திலும் உடலை ஒட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும் சிறிய பூச்சியுண்ணிகள். பெட்டி என்பது அந்த வெடிப்புக்கு மாற்று.

எனவே ரம்பத்தை எடுக்கும் முன் சில மாலைகள் வெளியே நின்று வானத்தைப் பாருங்கள். சூரியன் மறைந்த அரைமணி நேரத்துக்குள் கைப்பிடிக்கும் சிறிதான வௌவால்கள் வளைந்து வளைந்து பறந்தால் நம்பிக்கை உண்டு. ஒன்றுகூட வரவில்லையென்றால் அந்த வட்டாரத்தில் இரையோ தண்ணீரோ இல்லை, அல்லது வெளிச்சம் அதிகம் என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பெட்டி வைத்துப் பயனில்லை.

எச்சத்தைக் கரைத்துப் பூசினால் வரும், ஒலிக் கருவி வைத்தால் வரும் என்றெல்லாம் விற்கிறார்கள். எதுவும் வேலை செய்ததாக நிரூபணம் இல்லை. வேறு இடத்தில் பிடித்து வந்து பெட்டிக்குள் விட்டாலும் அன்றிரவே தன் பழைய இருப்பிடத்தைத் தேடிப் போய்விடும். 1929ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், சுகர்லோஃப் கீ என்ற தீவில் ரிக்டர் பெர்க்கி என்பவர் கொசுத் தொல்லை தீர வௌவாலுக்கென்று ஒன்பது மீட்டர் உயர மரக்கோபுரமே கட்டினார். வௌவால்கள் அதில் குடியேறவேயில்லை. 2017ல் இர்மா சூறாவளியில் சாயும்வரை அது காலியாகவே நின்றது.

கொசு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வௌவால் மணிக்கு நூற்றுக்கணக்கான கொசுவைத் தின்னும் என்ற கணக்கு, 1960ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கூடச் சோதனையிலிருந்து பெருக்கி எடுத்தது. மூடிய அறையில் கொசுக்களை நிரப்பி, வௌவால் சில நிமிடங்களில் பிடித்ததை அளந்தார்கள். திறந்த வெளியில் அது அந்துப்பூச்சி, வண்டு, ஈசல், கொசு என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். பெட்டி வைத்துவிட்டுக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.

சுற்றுப்புறத்தை முதலில் சரிசெய்யுங்கள்

தண்ணீர் முதல் தேவை. ஏறத்தாழ 400 மீட்டருக்குள் குளமோ ஓடையோ ஏரியோ இருந்தால் பெட்டியில் ஆள் சேரும் வாய்ப்பு கூடுகிறது. வௌவால் உட்கார்ந்து குடிக்காது. பறந்தபடியே தாழ்ந்து வந்து நீர்ப்பரப்பைத் தொட்டுக் குடித்துவிட்டு மேலேறும். அதனால் பறவைக்கு வைக்கும் கிண்ணம் இதற்கு உதவாது. புதிதாகக் குட்டை வெட்டுவதானால் மூன்று மீட்டருக்குக் குறையாத நீளத்தில், மேலே கிளையோ கம்பியோ குறுக்கிடாமல், தாமரையும் ஆகாயத்தாமரையும் முழுக்க மூடிவிடாமல் இருக்க வேண்டும். தவறி விழுந்த வௌவால் கரையேற, சொரசொரப்பான கல்லையோ பலகையையோ ஒரு பக்கம் சரிவாக வைத்துவிடுங்கள். வழுவழுப்பான சிமென்ட் தொட்டியில் விழுந்தால் அதனால் ஏற முடியாது.

இரவில் மலர்ந்து மணம் வீசும் செடிகள் அந்துப்பூச்சியை வரவழைக்கும். அந்த மண்ணுக்குரிய செடிகளாக இருந்தால் புழுக்களும் அவற்றில் வளரும், இரை தொடர்ந்து கிடைக்கும். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துவது இதைவிட முக்கியம். மருந்து இரையைக் கொல்வதோடு, பாதி செத்த பூச்சி வழியாக வௌவாலின் உடம்புக்கும் போகிறது. பட்ட மரம் நின்றால், அது யார் தலையிலும் விழும் இடத்தில் இல்லையென்றால், வெட்டாதீர்கள். அதைவிட நல்ல பெட்டியை யாரும் செய்துவிட முடியாது.

வெளிச்சம்தான் பெரும்பாலான வீடுகளில் தடை. வாசலில் விளக்கு விழும் பெட்டியிலிருந்து வௌவால் தாமதமாகத்தான் கிளம்பும். அந்திவேளையில்தான் பூச்சிகள் மிகுதி; அந்த முக்கால் மணி நேரத்தை இழந்தால் குட்டிக்குப் பால் குறைகிறது. வெளிவிளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் மஞ்சள் சாய்ந்த மங்கலான பல்பு, கீழ்நோக்கிய மூடி, ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார், இந்த மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

சூட்டுக் கணக்கு

பெட்டியைத் தேடி வருபவை பெரும்பாலும் குட்டி ஈனப்போகும் பெண் வௌவால்கள். ரோமம் முளைக்காத குட்டி வேகமாக வளரச் சூடு வேண்டும். உள்ளே 27 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 40ஐத் தாண்டினால் ஆபத்து: குட்டிகள் பிடி நழுவிக் கீழே விழும், பெரியவையும் இறக்கும். குளிர்ப் பிரதேசங்களுக்காக எழுதப்பட்ட அளவுகளையும் கறுப்பு நிறத்தையும் வெப்பமான ஊரில் அப்படியே பின்பற்றுவதால்தான் இந்த விபத்து நேர்கிறது.

உங்கள் ஊரில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில் பகலின் சராசரி உச்ச வெப்பநிலை என்ன என்று பாருங்கள். 29 டிகிரிக்குக் கீழ் என்றால் கறுப்பு அல்லது மிக அடர்ந்த நிறம். 29 முதல் 35 வரை அடர்பழுப்பு, சாம்பல் போன்றவை. 35 முதல் 38 வரை இளநிறம். அதற்கு மேல் வெள்ளை. வெயிலும் இதற்கேற்ப: குளிர்ந்த இடத்தில் குறைந்தது ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும், வெப்பமான இடத்தில் காலை வெயில் மட்டும் பட்டு, நண்பகலுக்குப் பிறகு நிழல் விழுவதே பாதுகாப்பு.

பெட்டி உயரமாக இருக்க வேண்டியதும் இதனால்தான். மேல்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி சற்றுத் தணிந்தும் இருந்தால் வௌவால் மேலும் கீழும் நகர்ந்து தனக்கேற்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைகளில் அலங்காரமாகக் கிடைக்கும் ஒரு சாண் பெட்டியில் நகர இடமில்லை. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரம் வையுங்கள்; கீழே கொடுத்திருப்பது அதையொட்டிய அளவு.

பெட்டி செய்தல்

மூன்று அறை கொண்ட இந்தப் பெட்டியில் பலகை, ரீப்பர் (ஒடுங்கிய மரச்சட்டம்), பலகை, ரீப்பர் என்று அடுக்கிக்கொண்டே போவதுதான் வேலை. தச்சுப் பழக்கம் குறைவாக இருப்பவர்களுக்கும் இடைவெளி தவறாது. வெளியிடத்துக்கு ஏற்ற, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் வாங்குங்கள். கரையானுக்கு மருந்து ஏற்றிய மரம் வேண்டாம். வௌவால் தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும்.

12 மி.மீ. ப்ளைவுட்டில்:
- பின்பலகை, 45 × 73 செ.மீ.
- முன்பலகை மேல்துண்டு, 45 × 42 செ.மீ.
- முன்பலகை கீழ்த்துண்டு, 45 × 14.8 செ.மீ.
- மூடி, 45 × 10.2 செ.மீ.
- கூரை, 55 × 18 செ.மீ.

9 மி.மீ. ப்ளைவுட்டில் தடுப்புப் பலகை இரண்டு, 45 × 58 செ.மீ. இவை தவிர 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள ரீப்பர் ஐந்து மீட்டர். துருப்பிடிக்காத ஸ்க்ரூ 38 மி.மீ., 50 மி.மீ. இரண்டு அளவிலும், தண்ணீர் தாங்கும் மரப்பசை, மேலே பெயிண்ட் ஏற்கும் சீலண்ட், தண்ணீரில் கரையும் பிரைமர், வெளிப்புறப் பெயிண்ட், அடர்நிற மரச்சாயம்.

ரீப்பரின் 2 செ.மீ. தடிமன்தான் பெட்டியின் உயிர்நாடி, ஏனென்றால் அதுதான் அறையின் அகலமாகிறது. கடையில் இரண்டு சென்டிமீட்டர் என்று கொடுப்பது இழைத்த பிறகு ஒன்றரைதான் இருக்கும், அளந்து வாங்குங்கள். 1.9 முதல் 2.5 செ.மீ. வரை ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் வௌவாலின் முதுகும் வயிறும் இரு பலகைகளையும் தொடாது. குளவிகள் கூடு கட்டும், பகைவர்கள் எட்டிப் பார்க்கும்.

முதலில் பிடிமானம். வழுவழுப்பான ப்ளைவுட்டில் வௌவாலின் நகம் நிற்காது. பின்பலகையின் உட்பக்கம், தடுப்புகளின் இருபக்கம், முன்பலகையின் உட்பக்கம் எல்லாவற்றிலும் ரம்பத்தால் குறுக்காகக் கீறல் போடுங்கள்: ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று, ஆழம் ஒரு மில்லிமீட்டர். ஆழம் கூடினால் ப்ளைவுட்டின் மேலடுக்கு ஈரத்தில் பெயர்ந்துவிடும். பின்பலகை கீழே 15 செ.மீ. நீண்டிருப்பது வௌவால் வந்து இறங்கி ஊர்ந்தேற. அங்கே கீறலை நெருக்கமாகப் போடுங்கள். கீறலுக்குப் பதில் கம்பிவலை அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, இறக்கைச் சவ்வைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் வலையானால் 3 மி.மீ. கண்ணுள்ளதாக, சுருக்கமின்றி இழுத்து ஓரமெல்லாம் பின் அடிக்க வேண்டும். சில ஆண்டுகளில் அது தொய்ந்து வௌவாலைச் சிக்கவைக்கும் என்பதால் கீறல்தான் எங்கள் தேர்வு.

ஒவ்வொரு தடுப்பிலும் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே, நடுவில், 4 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை போடுங்கள். சூடு ஏறும்போது வெளியே வராமலே அடுத்த அறைக்கு மாற அது வழி. பிறகு உள்பரப்புகளுக்கெல்லாம் அடர்நிறச் சாயம் இரண்டு பூச்சு. உள்ளே பெயிண்ட் அடித்தால் கீறல் அடைபட்டுவிடும்.

இனி அடுக்குதல். பின்பலகையைத் தரையில் கிடத்தி, இரு ஓரங்களிலும் 58 செ.மீ. நீள ரீப்பரையும், மேல் விளிம்பில் அவற்றுக்கிடையே 37 செ.மீ. ரீப்பரையும் பசை தடவி வைத்து, மேலே முதல் தடுப்பை வைத்து 38 மி.மீ. ஸ்க்ரூவால் இறுக்குங்கள். அதன்மேல் மறுபடி மூன்று ரீப்பர், இரண்டாம் தடுப்பு. இப்போது 50 மி.மீ. ஸ்க்ரூ, முந்தியவற்றோடு மோதாமல் இடம் மாற்றி. மறுபடி மூன்று ரீப்பர், கடைசியாக முன்பலகை. அதன் மேல்துண்டுக்கும் கீழ்த்துண்டுக்கும் இடையே 1.2 செ.மீ. இடைவெளி விடுங்கள், அது காற்றுப் பிளவு. பின்னாலுள்ள இரண்டு அறைகளுக்கும் காற்று வர, அடுக்கும்போதே அவற்றின் ஓர ரீப்பர்களை அதே உயரத்தில் வெட்டி 1.2 செ.மீ. சந்து விட்டுப் பொருத்துங்கள். உச்ச வெப்பம் 29 டிகிரிக்குள் நிற்கும் ஊரில் இந்தப் பிளவுகள் எதுவும் வேண்டாம், பெட்டி குளிர்ந்துபோகும். அங்கே முன்பலகையை 58 செ.மீ. ஒரே துண்டாக வெட்டுங்கள். ஸ்க்ரூ நுனி எங்கும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டியின் அடி முழுக்கத் திறந்தே இருக்கும். எச்சம் தானாக விழும், குளவிக்கும் மூஞ்சூறுக்கும் பிடிக்காது.

மூடியைப் பொருத்திய பின், அதன் பின் விளிம்பில் 2 செ.மீ. உயரத்துக்கு ரீப்பர் துண்டு ஒன்றை அடித்து, அதன்மேல் கூரையை முன்சரிவாக வையுங்கள். பக்கவாட்டு முக்கோணச் சந்தைச் சீலண்ட்டால் அடைத்துவிட்டால் நடுவில் நிற்கும் காற்று உச்சிவெயிலை ஓரளவு தடுக்கும், மழைநீரும் வழிந்துவிடும். வெளிமூட்டுகளுக்கெல்லாம் சீலண்ட். காற்றுப் பிளவைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. பெட்டிக்குள் டார்ச் வைத்து இருட்டறையில் சோதியுங்கள். கடைசியில் பிரைமர் ஒரு பூச்சு, பெயிண்ட் இரண்டு பூச்சு. வாசனை அடங்கச் சில வாரம் நிழலில் வையுங்கள். எடை சுமார் 10 கிலோ வரும். சிறிய இனமானால் நூறு வௌவால் வரை தங்க இடமுண்டு.

எங்கே, எப்படி மாட்டுவது

மரத்தில் மாட்டுவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இதுதான் பலனற்ற இடம். கிளை நிழலில் சூடு ஏறாது, கிளையே வாசலை மறிக்கும், பூனையும் பாம்பும் எளிதில் ஏறும். செங்கல் சுவரோ தனிக் கம்பமோ நல்லது. சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடுவதால் குளிர்ந்த ஊரில் அது மிகப் பொருத்தம். வெப்பமான ஊரில் மேற்குச் சுவரைத் தவிருங்கள்.

அடிவிளிம்பு தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர், இயன்றால் 5 மீட்டர். வௌவால் பெட்டியிலிருந்து கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும்; புதரோ கொடிக்கம்பியோ அடியில் இருந்தால் தடுமாறும். அருகிலுள்ள கிளைக்கு ஆறு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஜன்னல், வாசல், நடைபாதை, கிணறு இவற்றுக்கு நேர்மேலே வேண்டாம், எச்சம் அங்கேதான் விழும்.

கம்பத்துக்கு 3 அங்குல ஜிஐ பைப் ஆறு மீட்டர் போதும். ஒரு மீட்டர் மண்ணுக்குள் போட்டுக் கான்க்ரீட் நிரப்பினால் பெட்டியின் அடி நான்கு மீட்டரைத் தாண்டி நிற்கும். இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக மாட்டுவது எங்கள் சிபாரிசு. ஒன்று அடர்நிறம், மற்றது இளநிறம். எது ஏற்ற சூடு என்று நீங்கள் ஊகிப்பதைவிட வௌவால் தேர்ந்தெடுக்கட்டும். கம்பத்தின் நடுவே 60 செ.மீ. நீளத்துக்கு அகலமான தகரக் கூம்பு கவிழ்த்தால் பாம்பு ஏறாது.

குட்டி ஈனும் பருவத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள். நடுப்பருவத்தில் மாட்டினால் அந்த ஆண்டு பெரும்பாலும் வீண். தாய்கள் அதற்குள் இடம் பிடித்திருக்கும்.

காத்திருப்பும் கோளாறுகளும்

சில பெட்டிகளுக்குச் சில வாரத்தில் ஆள் வரும், பலவற்றுக்கு ஓராண்டு இரண்டாண்டு ஆகும். அடியில் கறுத்த சிறு புழுக்கை கிடந்தால் அதுவே முதல் அடையாளம். காகிதத்துக்கிடையே வைத்து அழுத்தினால் பூச்சி இறக்கைத் துகளாகப் பொடிந்தால் வௌவாலுடையது. எலிப் புழுக்கை அப்படிப் பொடியாது. பகலில் கீழே நின்று டார்ச்சை ஓரிரு நொடி மேலே காட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்தியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெளியேறுபவற்றை எண்ணுவதே தொந்தரவில்லாத வழி.

மூன்றாம் ஆண்டும் காலியென்றால் நிறத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். இளவெயில் காலத்தில் மட்டும் இருந்துவிட்டுக் கோடையில் காலி செய்தால் சூடு மிஞ்சுகிறது. வௌவால்கள் அடிவிளிம்பில் திரண்டு தொங்கினாலோ, வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ அன்றே நிழல் கொடுக்க வேண்டும்: பெட்டியைத் தொடாமல், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு தட்டியையோ துணியையோ கட்டுங்கள். பெயிண்ட் மாற்றுவது அவை போன பிறகு. குளவிக் கூடும் மண்கூடும் தெரிந்தால் பெட்டி காலியாக உள்ள பருவத்தில் நீண்ட குச்சியால் சுரண்டிவிடலாம். மருந்து தெளித்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள். சீலண்ட் விரிசலையும் அதே சமயத்தில் பாருங்கள்.

எச்சமும் உடல்நலமும்

விழும் எச்சம் நல்ல உரம். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் வித்து தூசியோடு நுரையீரலுக்குள் போய் நோய் தரும். தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து அள்ளுங்கள். அடியில் அகலத் தட்டு கட்டி எச்சம் சேர்ப்பதைத் தவிருங்கள். அது வாசலை மறிக்கும், பகைவருக்கு மேடையாகும்.

வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. மிகச் சிலவற்றுக்கே ரேபிஸ் இருக்கும். ஆனால் தரையில் கிடந்து கைக்கு எட்டும் வௌவால்தான் நோயுற்றிருக்க வாய்ப்புள்ளது. அதன் பல் ஊசிபோல் சிறியது, கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் தடுப்பூசிக்குப் போக வேண்டும். தூங்குபவர் அறையிலோ குழந்தை அறையிலோ வௌவால் இருந்தது தெரிந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டு நாய் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி தவறக் கூடாது.

ஏற்கெனவே கூரைக்குள் இருப்பவற்றை மாற்றுவது

வீட்டுக் கூரையில் குடியிருப்பவற்றை வெளியேற்றும் எண்ணம் இருந்தால், அதற்கு ஒரு பருவம் முன்பே அவை வந்துபோகும் சந்துக்கு அருகில் பெட்டியை மாட்டிப் பழக்கிவிடுங்கள். குட்டிகள் பறக்கக் கற்காத காலத்தில் சந்தை அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. எல்லாம் செத்து நாறும். பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும் என்பதால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. கடுங்குளிர் ஊரில் உறக்கத்தில் இருக்கும் மாதங்களிலும் கை வைக்கக் கூடாது. பல நாடுகளில் வௌவாலின் இருப்பிடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம், முதலில் வனத்துறையிலோ வனவுயிர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியான பருவத்தில், முக்கியச் சந்தைத் தவிர மற்ற இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டு, அந்தச் சந்தின் மேலும் இரு பக்கமும் மெல்லிய வலையை ஒட்டி, அடியைத் திறந்தபடி அரை மீட்டர் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பது வலைக்கடியில் ஊர்ந்து இறங்கி வெளியேறும். திரும்பி வரும்போது வாசனை வரும் சந்தையே நேராக முட்டும், அடிப்பக்கம் சுற்றி நுழையத் தெரியாது. ஏழு இரவுகள் அப்படியே இருக்கட்டும். மழையோ குளிரோ அடித்த இரவுகளில் அவை வெளியே வந்திருக்காது, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தியில் ஒன்றும் வெளிவரவில்லை என்று இரண்டு மாலைகள் பார்த்து உறுதிசெய்த பிறகே சந்தைப் பூசி மூடுங்கள்.